ஆளில்லாத இடத்து மழை

என் தங்கை ஒன்பது ஆண்டுகள் உழைத்த வேலை ஒரு மின்னஞ்சலில் முடிந்துபோனது. பெங்களூரிலிருந்து போன் செய்து அவள் அதைச் சொன்னபோது நான் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட் ஆபீசில் இருந்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

அவள் "வெக்கறேங்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள். எதிரே இருந்த ஜன்னலில் பனிமூட்டம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

அவள் பொறியாளர். சனிக் கிரகத்தைச் சுற்றும் நிலாக்களில் மிகப் பெரியதற்கு ஒரு கலத்தை அனுப்பலாம் என்று சில நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். அதில் வைப்பதற்கான ஒரு கருவியை அவளுடைய குழு செய்துகொண்டிருந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அந்த நிலாவின் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பது அதன் வேலை. ஈரம் என்றால் தண்ணீர் அல்ல. அங்கே இருக்கும் குளிரில் தண்ணீர் பாறையாக உறைந்து கிடக்கும். சாண எரிவாயுவில் இருக்கிறதே மீத்தேன், அதுதான் அங்கே மேகமாகத் திரண்டு மழையாகப் பெய்து ஆறாக ஓடி ஏரியில் சேர்கிறது. இதையெல்லாம் அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. கடைசியில் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்ளாமல் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அவள் மேல் எனக்கிருந்த கோபத்துக்குக் காரணம் வேறு. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மா கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாட்கள் படுத்திருந்தார். அப்பா முன்பே போய்விட்டார். நானும் என் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அதே நாட்களில் தங்கையின் கருவியைக் குளிர் அறைக்குள் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். தினமும் போன் செய்தாள். "சின்னவ வந்துட்டாளா?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். பதினோராம் நாள் அவள் வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. மறுநாள் அம்மா போய்விட்டார்.

நான் அவளிடம் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்யத் தொடங்கினேன். பேப்பரில் எங்காவது விண்கலம் பற்றிய செய்தி வந்தால் போதும், ஆபீசில் யாரையாவது பிடித்துக்கொண்டு பேசுவேன். நம் எஸ்டேட் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, அவசரத்துக்கு ஸ்கேன் எடுக்க மலையிறங்கிப் போக வேண்டியிருக்கிறது, இதில் ஆள் நடமாட்டமே இல்லாத ஓரிடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்பேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இல்லையென்று சொல்ல யாருமில்லாததால் அதை நானே என்னுடைய கொள்கை என்று நம்ப ஆரம்பித்தேன்.

திட்டம் நின்ற பிறகு, ஐப்பசி பிறக்கிற சமயத்தில், தங்கை இரண்டு பைகளோடு குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீண்ட லீவு போட்டிருந்தாள். காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு, எதிர்ச் சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். என் மனைவி மத்தியானம் சாப்பிடக் கூப்பிடும்போதும் அதே இடத்தில்தான் இருப்பாள். நான் அவளிடம் வானிலை, காய்கறி, சொந்தக்காரர்களின் கல்யாணம் தவிர எதையும் பேசவில்லை.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு காலையில் எனக்கு டிபன் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கோவம் அவ மேலங்களா, அந்த நெலா மேலங்களா?"

"எனக்கென்ன கோவம்?"

"அப்பறம் எதுக்குங்க அந்தப் புள்ளகோட நேரா மூஞ்சி பாத்துப் பேச மாட்டேங்கறீங்க?"

டிபனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் இறங்கியதும் என்ன தோன்றியதோ, திரும்பிப் போய்த் தங்கையிடம், "சும்மாதான உக்காந்திருக்கறே, ஆபீசுக்கு வாயேன்" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆபீசில் என் முதல் வேலை மழை அளப்பது. தினமும் காலை எட்டு மணிக்கு, ஆபீஸ் பின்புறத்தில் இருக்கும் மழைமானியிலிருந்து தண்ணீரை எடுத்து அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்து வருகிறேன். நான் லீவு போட்டால் வேறொருவர் எழுதுவார். அன்று அவள் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் எழுதி முடித்ததும் மழைமானியைப் பார்க்காமல் அண்ணாந்து மேலே பார்த்தாள்.

"இந்த சில்வர் ஓக் எப்ப வெச்சதுங்ணா?"

"அது கெடக்குது பத்துப் பதினஞ்சு வருசமா. எதுக்குக் கேக்கறே?"

"சாரல் அந்தப் பக்கமிருந்து அடிச்சா மரம் மறைக்குங்ணா. மரத்தோட ஒசரத்துக்கு ரெண்டு மடங்காவது தள்ளி இருக்கோணும். இத்தன நாளும் கொறச்சலாத்தான் காட்டியிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. மழையில் குடை பிடித்து நின்று, கை விறைக்க விறைக்க நான் எழுதிய நோட்டுகள் ஆபீஸ் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அவளோ அரை நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு அதில் குறை சொல்கிறாள். "இங்க பெய்யறது எங்களுக்குத் தெரியும், நீ உன்ற சனிக்கிரகத்தப் பாத்துக்கோ" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரி என்பது மரத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் குனிந்தே பார்த்திருக்கிறேன்.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, அன்று மதியம் நாங்கள் இருவருமே அதை இடம் மாற்றினோம். ஆபீசுக்குக் கீழே ஒரு திறந்த மேடு இருந்தது. நான் மண்வெட்டியால் குழி எடுத்தேன். அவள் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து விளிம்பின் மேல் வைத்துப் பார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று என்னை ஒரு மணி நேரம் வாட்டினாள். கையெல்லாம் சேறு. அவள் ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் உயிர் இருந்தது.

"பரவால்ல, உன்ற படிப்பு இதுக்காச்சும் ஒதவுச்சு" என்றேன்.

"இதுக்குச் சனி வரைக்கும் போக வேண்டியதில்லீங்ணா" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாட்கள் விடவேயில்லை. நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். மேல் டிவிஷனில் இருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு அப்படியே இறங்கி வந்துவிட்டது. லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கடைசி இரண்டு வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரிவில் வெடிப்பு தெரிந்ததால் அந்த லயத்தில் இருந்த அத்தனை குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தோம்.

என் மனைவியும் தங்கையும் அங்கே சமையலுக்குப் போனார்கள். நான் பாய், போர்வை, மண்ணெண்ணெய் என்று அலைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் வெங்காய மூட்டையை இறக்கி வைக்கப் போனபோது, அடுப்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் கால் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தது, மண்ணுக்குள் போன இரண்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்களில் அவர்தான் மூத்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நீங்க பெங்களூருல என்னா வேலம்மா பாக்குறீங்க?" என்று அந்த அக்கா கேட்டார்.

தங்கை மழுப்பாமல் சொன்னாள். சனி, அதன் நிலா, அங்கே போகவிருந்த கருவி, போகாமல் நின்றது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

களை எடுக்கும் குழுவில் இருக்கும் ஒரு இளம்பெண் எதிரே இருந்தாள். எதையும் நேராகக் கேட்கிறவள். "ஏங்க, நம்ம ரோட்டுக்குக் கேட்டா காசு இல்லேங்கறாங்க. லயத்துக்குப் பின்னாடி செவுரு கட்டச் சொல்லி எத்தன வாட்டி கேட்டோம். அங்க போறதுக்கு மட்டும் எங்கிருந்துங்க வருது?"

அது என்னுடைய கேள்வி. ஏறக்குறைய என் சொற்களே. ஆனால் அவள் வாயிலிருந்து கேட்டபோது அது வேறாக இருந்தது. அவள் அதை வீடு சரிந்த இடத்திலிருந்து கேட்டாள். நான் அதை ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அம்மாவின் பெயரைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாயமான கேள்விதாங்க. செவுரு கட்டியிருக்கோணும்" என்றாள் தங்கை. மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்த மூத்த அக்கா விடவில்லை.

"அங்க மழ பேஞ்சா மண்ணு சரியுமா?"

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியலீங்க" என்றாள். "ஆறு ஓடி அறுத்த பள்ளத்தாக்கெல்லாம் இருக்குதுங்க. மேடு, மலை எல்லாம் இருக்குது. சரியுமா சரியாதான்னு யாரும் கிட்டப் போய்ப் பாக்கல."

"எப்படிப் பெய்யும்?"

"ரொம்ப மெதுவாங்க. துளி பெருசா இருக்கும். ஆனா அங்க கீழ இழுக்கற வேகம் கம்மி, காத்தும் கெட்டி. அதனால இலவம்பஞ்சு பறந்து எறங்கற மாதிரி எறங்கும்."

"இங்கயும் அப்படி எறங்கியிருந்தா ஓடியாந்து சட்டி சாமானையாவது எடுத்திருப்பேன்" என்றார் அக்கா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க."

"ஒரு உசுருகூடவா?"

"இதுவரைக்கும் தெரிஞ்சு இல்லீங்க."

அவர் அடுப்புத் தீயைப் பார்த்துக்கொண்டு இதை யோசித்தார். "யாரு வீட்டையும் இடிக்காம ஒரு மழ பேஞ்சுக்கிட்டு இருக்கு, ம்?" என்றார். "அதப் பாத்துட்டு வந்து யாராச்சும் சொன்னா நல்லாத்தான் இருக்கும்."

களை எடுக்கும் பெண்ணுக்கு எரிச்சல். "உனக்கு வீடே போயிருக்கு. நீ நெலாவப் பத்திப் பேசிட்டு உக்காந்திருக்கறயே."

"வீட்டப் பத்தி மூணு நாளா பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். வர்ற ஆபீசருங்க எல்லாருகிட்டயும் அதையேதான் சொல்றேன். கொஞ்ச நேரம் வேற எதையாச்சும் பேச விடேன்."

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கலம் பாராசூட்டில் அந்த நிலாவில் இறங்கி அனுப்பிய படம் அது. மங்கிய ஆரஞ்சு நிறத்தில் தரை, அதன் மேல் இறைந்து கிடக்கும் கற்கள். அக்கா போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது ஆத்துக் கல்லு மாதிரி இருக்கே. தண்ணி உருட்டுன கல்லு."

"இத மொதல்ல பாத்த பெரிய பெரிய ஆளுகளும் அதத்தாங்க சொன்னாங்க" என்றாள் தங்கை. "ஆனா அது கல்லு இல்லீங்க, ஐஸு."

போன் கை மாறி எல்லாரிடமும் போனது. களை எடுக்கும் பெண் பார்த்துவிட்டு, "கல்லுதான்" என்று சொல்லி அடுத்தவளிடம் கொடுத்தாள். நான் கடைசியாக வாங்கிப் பார்த்தேன். ஒன்பது வருடங்களில் அந்தப் படத்தை நான் அன்றுதான் உண்மையில் பார்த்தேன். உருண்டு வழுவழுப்பான கற்கள். எதுவோ அவற்றை வெகுகாலம் உருட்டியிருக்கிறது. அங்கே ஆள் இல்லை, கேட்கக் காது இல்லை. இருந்தும் அந்த ஆறு ஓடியிருக்கிறது. போனை உடனே திருப்பிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று மாலை மழை சற்று விட்டிருந்தபோது, கழுவிய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு நானும் தங்கையும், சமையலுக்கு அவற்றை இரவல் கொடுத்த கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். பாதையில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மேடுக எப்பச் சரியும்னு கண்டுபிடிக்கற வேலய நீ பண்ணலாமல்ல?" என்றேன். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டேன்.

"அதப் பண்றவங்க இருக்காங்ணா. அவங்களுக்கு ஆளும் பத்தறதில்ல, கருவியும் பத்தறதில்ல. அது தப்புதான். ஆனா நான் அதுக்குப் படிச்சவ இல்ல. அதக் கத்துக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிரும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். "அன்னிக்குப் போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். அண்டாவைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்கு நான் வராதது தப்புங்ணா. அந்த டெஸ்ட்ட இன்னொருத்தர் பாத்திருப்பாரு. கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க. என்னய விட்டா யாருக்கும் தெரியாதுன்னு நானே நெனச்சுட்டேன். அத நெனைக்காத நாளில்ல." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா அந்த வேலை தப்பில்லீங்ணா. நான் பண்ணினதுதான் தப்பு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டாதீங்க."

அவள் வாயிலிருந்து இந்த ஒரு சொல் வர வேண்டும் என்று மூன்று வருடங்களாகக் காத்திருந்தவன் நான். வந்தபோது ஜெயித்த மாதிரி இல்லை. அம்மா போனதே அன்றுதான் என்பதுபோல இருந்தது. "செரி கண்ணு, எடு, மறுபடி மழ வருது" என்று மட்டும் சொன்னேன். இருவரும் அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

தை மாதம் அவள் பெங்களூருக்குத் திரும்பினாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போயிருந்தேன். முன்பு வேலை பார்த்த இடத்திலேயே இன்னொரு குழுவில் சேரப் போவதாகச் சொன்னாள். இந்த முறை வியாழனின் நிலாக்களில் ஒன்று. பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறதாம்.

"எப்பப் போய்ச் சேரும்?"

"எல்லாம் செரியா நடந்தா, நான் ரிட்டயர் ஆகி ஏழெட்டு வருசம் ஆயிருக்கும்."

"அப்ப அங்கிருந்து வர்றத யாரு பாப்பாங்க?"

"இப்பப் பள்ளிக்கூடம் போறவங்க யாராச்சும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோர சீட் போய்விடும் என்று அவசரமாக ஏறினாள்.

இப்போது என்னிடம் யாராவது அந்தத் தூரத்து உலகங்களை ஆராய்வது தேவையா என்று கேட்டால், முன்புபோல டக்கென்று பதில் சொல்ல வருவதில்லை. தங்கையின் திட்டம் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் எஸ்டேட் ரோடு இன்னும் போட்டபாடில்லை. அதை நிறுத்தினால் இது நடக்கும் என்று நான் வைத்திருந்த கணக்கு எங்கேயும் ஒத்துவரவில்லை. அதே சமயம் இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சுவர் கட்டியிருந்தால் அந்த இரண்டு வீடுகள் நின்றிருக்கும். எந்த நிலாவின் படமும் அதற்கு ஈடாகாது. ஆனால் வீடு இழந்த ஒருவர், ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு, அங்கே மண் சரியுமா என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி வயிறு நிறைந்தவர்களுக்கு மட்டுமானது என்று இனி என்னால் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் பசியைப் போல எல்லாருக்கும் வருகிறது. அதைத் தீர்க்க யாரோ சிலர் தங்கள் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுக்கிறார்கள். சிலசமயம் அதற்காகக் கொடுக்கக் கூடாததையும் கொடுத்துவிடுகிறார்கள்.

களை எடுக்கும் பெண் இதை ஒத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூட முகாமுக்குப் பிறகு அவளும் நானும் இதைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் லாரிக்காகக் காத்திருக்கும்போது அவளே ஆரம்பிப்பாள். "அதெல்லாம் இருக்கட்டுங்க, மொதல்ல இங்க செவுரு" என்பாள். "ரெண்டும் வேணும்" என்பேன். "ரெண்டும் வேணும்னு சொல்றவங்க எப்பவும் மொதல்ல அதத்தான் பண்றாங்க" என்பாள். போன வாரமும் பேசினோம். அந்தச் சுவருக்காக அவள் எழுதச் சொன்ன மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லி, கீழே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.